கனவுக்குள் விழிப்பு: ஒரு பயிற்சியின் வரலாறு

தூக்கம் கலையாமலே ‘இது கனவு’ என்று தெரிந்துகொண்டு, அந்தக் கனவைத் தொடர்ந்து காண்பது தெளிவுக் கனவு. ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்பார்கள். விழித்த பிறகு கனவைக் கனவென்று அறிவது எல்லோருக்கும் இயல்பு. காணும்போதே அறிவதுதான் அரிது. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் அதைக் கண்டவர்கள் சுமார் 55 சதவீதம். மாதம் ஒருமுறையாவது காண்பவர்கள் 23 சதவீதம். தற்செயலாக வாய்க்கும் இந்த அனுபவத்தை அடிக்கடி வரவழைக்க முடியுமா என்ற கேள்விக்குப் பல நாடுகளில், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் விடை தேடியிருக்கிறார்கள்.

பழைய கிரேக்கத்தில் இந்த அனுபவம் தெரிந்திருந்தது. கனவுகளைப் பற்றிய தன் சிறு நூலில் அரிஸ்டாட்டில், தூங்குபவரின் உள்ளிருந்தே ஏதோ ஒன்று ‘நீ காண்பது கனவுதான்’ என்று சொல்வதுண்டு எனக் குறித்தார். கி.பி. 415 வாக்கில் புனித அகுஸ்தீன் எழுதிய ஒரு கடிதத்தில் கார்த்தேஜ் நகரத்து மருத்துவர் கென்னாதியஸின் கனவு வருகிறது. கனவில் தோன்றிய இளைஞன் ஒருவன், ‘உன் உடல் இப்போது எங்கே இருக்கிறது?’ என்று மருத்துவரைக் கேட்கிறான். ‘என் படுக்கையில்’ என்கிறார் அவர். உடல் இறந்த பின்னும் உயிர் வாழும் என்று காட்டவே அகுஸ்தீன் இதை எடுத்துச் சொன்னார். கனவை மீண்டும் வரவழைக்கும் வழி இருவர் எழுத்திலும் இல்லை.

வழியை வகுத்தவர்கள் பௌத்த யோகிகள். நாரோபாவின் ஆறு யோகங்கள் எனப்படும் மரபில் கனவு யோகமும் ஒன்று. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த நாரோபாவிடம் பயின்ற மார்பா அதைத் திபெத்துக்குக் கொண்டுசென்றார். பயிற்சி பகலில் தொடங்குகிறது. கண்ணில் படுவதையெல்லாம் ‘இதுவும் கனவே’ என்று நாள் முழுதும் எண்ணிப் பழக வேண்டும். இரவில் கனவை அறிந்தே தீர்வேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு, தொண்டைப் பகுதியில் ஓர் எழுத்தை மனக்கண்ணில் நிறுத்தியபடி உறங்க வேண்டும். கனவின் பொய்ம்மையைக் கண்டவர் நனவின் பொய்ம்மையையும் காண்பார் என்பது இதன் நோக்கம். கனவில் மகிழ்ந்து திரிவதற்காக ஏற்பட்டதன்று. 1935இல் இவான்ஸ் வென்ட்ஸ் ஆங்கிலத்தில் பதிப்பித்த திபெத்திய யோக நூல் வழியாகவே இது மேற்கில் பரவலாகத் தெரியவந்தது. அதற்கு வெகுநாள் முன்பே பிரான்சில் ஒரு சிறுவன் தானாகவே வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தான்.

அந்தச் சிறுவன், 1822இல் பிறந்த மார்க்கி எர்வே தெ சான் தெனி. பிற்காலத்தில் பாரிஸின் கொலேஜ் தெ பிரான்சில் சீன மொழிப் பேராசிரியரானவர். பதின்மூன்று வயதில் தன் கனவுகளை எழுதிவைக்கத் தொடங்கினார், படங்களும் வரைந்தார். தொடக்கத்தில் பல இரவுகள் நினைவில் நிற்கவில்லை. எழுத எழுத நினைவு கூர்மையாயிற்று. 207ஆவது இரவில்தான் முதன்முதலாகக் கனவில் ‘இது கனவு’ என்ற அறிவு வந்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் வந்தது. ஆறு மாதத்தில் ஐந்து இரவுக்கு இரண்டு, ஓராண்டில் நான்கு இரவுக்கு மூன்று, பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய எல்லா இரவும் என்று அது பெருகியது. பகலெல்லாம் கனவையே எண்ணிக்கொண்டிருந்த மனம் கனவிலும் அதே எண்ணத்தைக் கொண்டுவந்தது என்பது அவர் கண்ட காரணம். பின்னாளைய முறைகள் பலவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு கவனிப்புதான்.

கனவை வெளியிலிருந்து திருப்பவும் அவர் முயன்றார். விவாரே என்ற மலைப்பகுதிக்குப் போனபோது, முன்பு பயன்படுத்தாத ஒரு வாசனைத் திரவியத்தை வாங்கிச் சென்று, அங்கிருந்த நாள்கள் முழுதும் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் புட்டியை மூடிவைத்தார். சில மாதங்கள் கழித்து, தான் அறியாத ஏதோ ஒரு நாளில், தான் தூங்கும்போது தலையணையில் சில துளி விடும்படி வேலைக்காரரிடம் சொல்லிவைத்தார். துளி விழுந்த இரவில் விவாரே மலைகள் கனவில் வந்தன. நாளை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல் விட்டதில் ஆய்வாளரின் நேர்மை தெரிகிறது. 1,946 இரவுகளின் குறிப்புகள் 22 நோட்டுகளில் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு எழுதிய ‘கனவுகளும் அவற்றை வழிநடத்தும் வழிகளும்’ என்ற நூல் 1867இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்து, விரைவில் கிடைக்காமலும் போனது. எவ்வளவோ முயன்றும் பிரதி கிட்டவில்லை என்று பிராய்டே எழுதியிருக்கிறார். அந்த ஒரு நூல் பரவலாகக் கையில் கிடைத்திருந்தால் கனவு ஆய்வு பல பத்தாண்டுகளை மிச்சப்படுத்தியிருக்கும்.

‘தெளிவுக் கனவு’ என்ற சொல்லை நிலைநிறுத்தியவர் டச்சு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஈடன். 1898 முதல் 1912 வரை இத்தகைய 352 கனவுகளைப் பதிவுசெய்து, 1913இல் லண்டன் ஆவியியல் ஆய்வுச் சங்கத்தின் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு கனவில் அவர் மதுக்கிண்ணத்தை முஷ்டியால் குத்துகிறார், கிண்ணம் உடையவில்லை. சற்றுக் கழித்துப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது, மேடையில் தன் முறையைத் தவறவிட்ட நடிகரைப் போல. அவருடைய குறிப்புகளில் முக்கியமானது வேறொன்று: இந்தக் கனவுகள் எல்லாமே காலை ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் வந்தவை. அது ஏன் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் விரைந்து அசையும் ரெம் தூக்கத்தைக் கண்டறிந்தார்கள். நீண்ட தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. இரவின் பிற்பகுதியில்தான் அதன் கால அளவு நீள்கிறது. வான் ஈடனின் விடியற்காலைக் கணக்குக்கு இப்படித்தான் விளக்கம் கிடைத்தது. ஆனால் ஐயம் தீரவில்லை. ‘நான் தூங்குகிறேன்’ என்று தூங்குபவர் தீர்மானிப்பது பொருளற்ற கூற்று என்று தத்துவ அறிஞர் நார்மன் மால்கம் 1959இல் வாதிட்டார். விழித்தெழுந்தவரின் வாய்மொழி தவிர வேறு சான்று இல்லாதவரை அந்த வாதத்தை உடைக்க முடியவில்லை. 1968இல் சீலியா கிரீன் பலருடைய அனுபவங்களைத் தொகுத்து எழுதிய நூலும் வாய்மொழிகளின் தொகுப்பாகவே நின்றது.

இந்த இடைவெளியில் ஒரு பொய்யும் வேரூன்றியது. மலேயாவின் செனாய் பழங்குடியினர் காலைதோறும் கனவுகளைப் பேசி, அவற்றை ஆளக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதாகவும், அதனால் வன்முறையின்றி வாழ்வதாகவும் கில்டன் ஸ்டூவர்ட் 1951இல் எழுதினார். 1970களில் அமெரிக்காவில் அதைப் பின்பற்றிக் கனவுக் குழுக்கள் தோன்றின. ஸ்டூவர்ட் சொன்ன முறை அம்மக்களிடம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று வில்லியம் டோம்ஹாஃப் 1985இல் நூலெழுதி நிறுவினார். தங்கள் கற்பனையை வேற்று மக்களின் மரபு என்று சொல்லிப் பரப்பியது அம்மக்களுக்குச் செய்த அநீதி.

உண்மையான சான்று இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ரெம் தூக்கத்தில் கைகால் தசைகள் செயலிழந்துவிடுகின்றன. கனவு காண்பவரால் கூப்பிடவோ பொத்தானை அழுத்தவோ முடியாது. கண்களுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. ஆகவே கண்ணாலேயே சைகை செய்யலாம் என்று ஆய்வு மாணவர் கீத் ஹெர்ன் எண்ணினார். தெளிவுக் கனவில் தேர்ந்த ஆலன் வொர்ஸ்லியிடம், ‘கனவென்று தெரிந்ததும் கண்களை இடவலமாக எட்டு முறை ஓட்டுங்கள்’ என்று சொல்லிவைத்தார். 1975 ஏப்ரல் 12 காலை எட்டு மணியளவில், தாளில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த கண் அசைவுக் கோடுகளுக்கு நடுவே, பெரிதாகவும் ஒழுங்காகவும் எட்டு வீச்சுகள் பதிவாயின. மூளை அலைகள் தூக்கத்தையே காட்டின. கனவுக்குள்ளிருந்து வேண்டுமென்றே அனுப்பப்பட்ட செய்தி அது.

ஹெர்னின் முடிவு அவருடைய ஆய்வேட்டில் அடங்கிப் பலருக்குத் தெரியாமல் இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே வழியை எட்டி, 1981இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். அவருடைய பெரும்பணி, அதற்கு முந்தைய ஆண்டில் தெளிவுக் கனவைக் கற்கக்கூடிய திறனாக முன்வைத்ததுதான். விடியற்காலையில் ஒரு கனவிலிருந்து விழித்ததும் அதை முழுதாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு, ‘அடுத்த கனவில், நான் கனவு காண்கிறேன் என்பது எனக்கு நினைவு வரும்’ என்று எண்ணியபடி, அதே கனவுக்குள் தான் தெளிவு பெறுவதாகக் கற்பனை செய்துகொண்டே மீண்டும் தூங்க வேண்டும். கடைக்குப் போகும்போது உப்பு வாங்க நினைவு வைத்துக்கொள்வது எந்தத் திறனோ, அதையே இம்முறை தூக்கத்துக்கும் நீட்டுகிறது. மாதத்துக்கு ஐந்து என்றிருந்த லபெர்ஜின் தெளிவுக் கனவுகள் இருபதுக்கு மேல் உயர்ந்தன. ஜெர்மனியில் பவுல் தோலேய் வகுத்த முறையோ பகலில் பலமுறை நின்று ‘இப்போது நான் காண்பது கனவா?’ என்று உண்மையாகவே ஆராயச் சொன்னது. திபெத்தியப் பயிற்சியின் பகற்பொழுதுப் பாதிக்கு இது வெகு அருகில் நிற்கிறது.

பின்னர், தெளிவுக் கனவை வரவழைக்க, ரெம் தூக்கத்தின்போது ஒளி மினுக்கும் முகமூடிகள் சந்தைக்கு வந்தன. மறதி நோய்க்குத் தரப்படும் கேலன்டமைன் மருந்தை 2018இல் 121 பேரிடம் சோதித்தபோது, வெற்று மாத்திரையில் 14 சதவீதமாக இருந்த பலன் 8 மில்லிகிராமில் 42 சதவீதமானது. ஆயினும் மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடக்கூடிய மருந்தல்ல அது. அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் எழுந்து லபெர்ஜின் முறையைச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 17 சதவீத இரவுகளில் பலன் கிட்டியது. பயிற்சி முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதம்.

2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வகங்கள் நான்கு சேர்ந்து, கனவு காண்பவரிடம் கேள்வியும் கேட்டன. எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று தூங்குபவரின் காதில் கேட்டபோது, கண்கள் இருமுறை இடவலமாக ஓடின. 158 முறை கேட்டதில் 18.4 சதவீத முறை சரியான விடை வந்தது.