மாணவர் காங்கிரஸ் (யாழ்ப்பாணம்)

மாணவர் காங்கிரஸ் என்பது 1924ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடித் தொடங்கிய அமைப்பு. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்பது இதன் பிற்காலப் பெயர். இலங்கைக்கு முழுச் சுயராச்சியம் கேட்ட முதல் குரல்களில் இதுவும் ஒன்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்த ஹண்டி பேரின்பநாயகம் இதன் மூலகர்த்தா.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1776 முதல் கிரேக்க எழுத்துப் பெயர்களோடு வளர்ந்த மாணவர் சகோதரத்துவ அமைப்புகளுக்கு இரகசியச் சடங்கும் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் அடையாளம். வட்டுக்கோட்டையும் அமெரிக்க மிஷனரிமார் வளர்த்த இடந்தான்; அவ்வகை அமைப்பு இங்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் காங்கிரஸ் அந்த வழியில் போகவில்லை. ஊர் அறியப் பந்தல் போட்டு வருடாந்த மாநாடு கூட்டியது. வெளியிலிருந்து பெரியவர்களை அழைத்துத் தலைமை தாங்கவும் பேசவும் வைத்தது. தலைமைப் பயிற்சி என்று தனி வகுப்பு எதுவும் இல்லை. பணம் திரட்டுவது, தீர்மானம் எழுதுவது, சாதிக்கட்டு இறுகிய ஊரில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவெடுப்பது: இளைஞர்கள் பழகியது இவற்றில்தான். சமபந்தி போசனம், மதுவிலக்கு, தாய்மொழிக் கல்வி, தேசிய உடை ஆகியவை கொள்கைகள். இவற்றுள் வேட்டி கட்டுவது எளிது. பக்கத்து இலையில் யார் என்று பாராமல் உண்பது அப்படியல்ல. பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வந்தபோது 1930ஐ ஒட்டிக் குடாநாட்டில் சில பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன என்பதிலிருந்தே எதிர்ப்பின் வேகம் புரியும்.

அழைப்புகளுள் பெரியது காந்தியடிகளுக்கு விடுத்தது. 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்த அவர், மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் தங்கிக் கல்லூரி கல்லூரியாகப் பேசினார்.

அடுத்த ஆண்டு, 1928இல், கீரிமலை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் திருகோணமலையோடு நெருங்கிய தொடர்புடையவர்: சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்து, இலண்டன் பி.எஸ்ஸி. தேறி, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து, பின் துறவு பூண்டவர். திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண சங்கம் 1925இல் ஏற்றபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. கிழக்கின் மைந்தரான ஒரு துறவியை வடக்கின் இளைஞர்கள் மாநாட்டுத் தலைவராக அழைத்தது காந்தியின் வருகையளவுக்குப் பேசப்படுவதில்லை. உண்மையில் அமைப்பின் நோக்கத்துக்கு அதுவே அதிகம் பொருந்தியது. வந்து போகும் விருந்தினராக இல்லாமல், பள்ளிக்கூடம் நடத்தும் சிரமம் அறிந்தவராக அவர் இருந்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும் இவரே.

1931 மாநாட்டுக்கு இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாய தலைமை தாங்கினார். பிரித்தானியர் கொண்டுவந்த புதிய டொனமூர் அரசியல் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் காங்கிரஸ் முடிவெடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை. தேர்தலில் போட்டியிடாத ஆசிரியர்களும் மாணவர்களும், போட்டியிட ஆயத்தமாக இருந்த கனவான்களை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு நேருவும் யாழ்ப்பாணம் வந்து போனார்.

வெற்றிதான்; ஆனால் தென்னிலங்கை இதைப் பின்பற்றவில்லை. 50 தேர்தல் தொகுதிகளில் இந்த நான்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தன. 1934இல் தேர்தல் நடந்தபோது பருத்தித்துறையை வென்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அவரது வழி, இன ஒற்றுமை பேசிய காங்கிரஸின் வழியல்ல. மறுப்பதற்கு இளைஞர்கள் நன்றாகப் பழகியிருந்தார்கள். மறுத்தபின் என்ன செய்வது என்பதற்கு மாநாட்டு மேடைகளில் விடை கிடைக்கவில்லை.

முப்பதுகளின் பிற்பகுதியில் அமைப்பு தேய்ந்தது. அதன் ஆட்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்கே திரும்பினார்கள். பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார், பேச்சுவன்மையால் 'ஒறேற்றர்' என்று பெயர் பெற்ற சுப்பிரமணியம் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியை நடத்தினார், எஸ். நடேசன் வழக்கறிஞராகிப் பின் செனட் சபைக்குச் சென்றார்.