களத்துமேட்டில் எறும்பு: செஞ்சி வட்டாரத்துத் தடுப்பு முறைகளின் வரலாறு

செஞ்சியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் முற்றுகைகளையே எழுதினார்கள். 1677-இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். 1690 முதல் 1698 வரை சுல்பிகார் கானின் முகலாயப் படை அதைச் சுற்றி நின்றது. 1714-இல் தேசிங்கு ராஜன் போரில் விழுந்தான். 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயர்களும் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மலைக்கோட்டையில் தாக்குப்பிடிக்க மதிலும் பீரங்கியும் மட்டும் போதாது, நெல்லும் வேண்டும். ராஜகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகே, தடித்த சுவரும் வளைகூரையுமாக இன்றும் நிற்கும் களஞ்சியம் அதற்குச் சாட்சி. அந்த நெல் வயலிலிருந்து நேராகக் களஞ்சியத்துக்குப் போய்விடவில்லை. வெட்டவெளிக் களத்தில் போரடித்து, தூற்றி, உலர்த்தி, அம்பாரமாகக் குவித்த பிறகே உள்ளே போனது. களத்தில் கிடந்த நாட்களில் அதற்கு முதல் பங்காளி எறும்பு.

விரிந்த வெளிமுற்றத்தில் எறும்பை மனிதர்கள் எப்படிக் கட்டுக்குள் வைத்தார்கள், அந்த முறை எப்போது, ஏன் மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். களமும் தோட்டமும் சூழ்ந்த செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இதைப் பார்க்கலாம். பழைய முறை எறும்புக்கு எல்லை வகுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த பூச்சிக்கொல்லிப் பொடி எல்லையை மறந்து எறும்பையே ஒழிக்க முயன்றது. அந்த முயற்சி தோற்றது, அதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது என்பதே என் முடிவு.

மூவறிவு உயிர்

தமிழில் எறும்பைப் பற்றிய அறிவு பழையது. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பிரிக்கும்போது கறையானையும் எறும்பையும் மூவறிவு உடையவையாக வைக்கிறது. புறநானூற்றின் 173-ஆம் பாட்டு சிறுகுடி கிழான் பண்ணனைப் பற்றியது. பாடியவன் சோழன் கிள்ளிவளவன். சோற்றுத் திரளைக் கையில் ஏந்தி வரிசையாகச் செல்லும் பிள்ளைகளுக்கு அவன் காட்டும் உவமை, மழைக்கு முன் முட்டையைச் சுமந்து மேட்டு நிலம் தேடும் எறும்பு ஒழுங்கு. எறும்பு எந்தப் பருவத்தில் எங்கே இடம் பெயரும் என்பதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கே இது தோன்றும். தடுப்பு முறைகளின் வேர் இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

செஞ்சிக்கு இதில் தனி இடம் உண்டு. ஊருக்கு அருகே உள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் இதே வட்டாரத்து மேல்சித்தாமூரில் இன்றும் இயங்குகிறது. சமண நூல்களும் உயிர்களைப் பொறியறிவின்படி வகுக்கின்றன. அங்கும் எறும்பு மூவறிவு உயிரே. நெல்லும் மணிலா எனப்படும் நிலக்கடலையும் விளைவித்த இந்த மண்ணில், எறும்பைக் கொல்லாமல் விலக்க வேண்டும் என்ற அறம் பல நூற்றாண்டுகள் பேசப்பட்டது. பழைய தடுப்பு முறைகள் அருளால் மட்டுமே பிறந்தவை என்று நான் சொல்லமாட்டேன். புற்றுவாயில் கொதிநீர் ஊற்றுவதும் வைக்கோல் போட்டுக் கொளுத்துவதும் கிராமங்களில் உண்டு. ஆனால் அவை நெருக்கடிக்கு உரியவை. அன்றாடத்தின் வழி வேறு.

களத்தின் நுட்பம்

அன்றாட வழி களத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்கியது. செஞ்சியைச் சுற்றிக் கருங்கல் குன்றுகளும் தரையோடு தரையாகப் படர்ந்த பாறைகளும் நிறைய. அந்தப் பாறைகளே இயற்கையான களங்கள். பாறைமேல் எறும்பு குழி பறிக்க முடியாது. புற்றும் அதன் வாயும் விளிம்பில் மண் தொடங்கும் இடத்தில்தான் அமையும். காவலிருப்பவர் களம் முழுவதையும் கண்காணிக்க வேண்டியதில்லை, விளிம்பைப் பார்த்தால் போதும். வெயிலில் காய்ந்த பாறையின் சூடு நடுப்பகலில் பெரும்பாலான எறும்புகளை அருகே வரவிடாது. காலையும் மாலையும் மட்டுமே காவல் தேவை.

பாறை இல்லாத ஊர்களில் மண்களம். அதைச் செதுக்கி, நீர் தெளித்து, மாட்டைவிட்டு மிதித்து இறுக்கி, சாணம் மெழுகினார்கள். மெழுகுவது தூய்மைக்கான சடங்கு என்று மட்டும் எண்ணுகிறோம். அது மண்ணின் வெடிப்புகளை அடைக்கிறது. அடைத்த பிறகு எறும்பு எங்கே புதிதாக வாய் திறந்தாலும் அந்த வழவழப்பில் மண் குருணையாகத் தெரிந்துவிடும். மறுநாள் காலையிலேயே அந்த இடத்தைக் கண்டு அடைக்கலாம்.

அடுத்தது சாம்பல். அம்பாரத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கோடாகத் தூவுவது பரவலான வழக்கம். எறும்பு தன் கூட்டத்துக்கு மணத்தால் பாதை போடுகிறது. முன்னே போனது விட்டுச் சென்ற வாசனையைப் பின்னே வருவது பிடித்து வருகிறது. சாம்பல் அந்தப் பாதையை மூடிவிடும். நுண்தூள் எறும்பின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் படலத்தையும் சுரண்டி அதன் நீர்ச்சத்தை வற்றச் செய்யும். சாம்பல் நனைந்தால் பயன் போய்விடும். பனி பெய்யும் தை மாத விடியலில் கோடு மீண்டும் போட வேண்டும். பழைய முறை நாள்தோறும் ஆள் உழைப்பைக் கேட்டது. பிற்காலத்தில் பொடி அவ்வளவு எளிதாக இடம் பிடித்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று எண்ணுகிறேன்.

வீட்டுக்குள் குதிரின் அடியில் வேப்பிலையும் நொச்சியும். பண்டப் பெட்டியின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றிய கல் கிண்ணங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது. எறும்பு இருக்கட்டும், இந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கட்டும்.

எல்லா எறும்பையும் ஒன்றாகப் பார்க்காததும் இந்த அறிவின் பகுதி. கடிக்காத பிள்ளையார் எறும்பு வேறு, கட்டெறும்பு வேறு, மாமரத்து இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு வேறு, செவ்வெறும்பு வேறு. முசுறு பயிரைத் தின்னும் பூச்சிகளை வேட்டையாடும். சீனாவில் கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு செடியியல் நூல், ஆரஞ்சுத் தோட்டங்களில் விடுவதற்காக முசுறின் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டின் மிகப் பழைய சான்றாக அறிஞர்கள் காட்டுவது அதைத்தான்.

மருத்துவரின் பட்டியல்

தென்னிந்திய எறும்புகளைப் பற்றிய எழுத்து வடிவிலான அறிவியலில் 1851 ஒரு முக்கிய ஆண்டு. சென்னைப் படையின் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான் பறவையியலாளராகவே பெயர் பெற்றவர். அவர் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை அவ்வாண்டு வெளியிட்டார். இன்று நம் முற்றங்களுக்குப் பெருந்தொல்லை தரும் இரண்டு எறும்புகளுக்கு அவர் அதில் பெயர் சூட்டியிருக்கிறார். ஒன்று, நெருப்பாகக் கடிக்கும் செவ்வெறும்பு. அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலா நகருக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் ஏறி அது ஆசியாவுக்கு வந்தது என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. மிளகாய் போல இதுவும் கடல் கடந்து வந்து நம் ஊர்க்காரராகிவிட்ட ஒன்று. மற்றது, நீண்ட கால்களோடு தறிகெட்டு ஓடும் மஞ்சள் எறும்பு. ஜெர்டான் அதற்கு வைத்த பெயர் வேறோர் எறும்புக்கு முன்பே வைக்கப்பட்டிருந்ததால் நிலைக்கவில்லை. 1857-இல் பூச்சியியலாளர் ஸ்மித் வைத்த பெயரே இன்று வழக்கில் உள்ளது.

வேளாண் துறை நோக்கில் 1914-இல் பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெருநூலை எழுதினார். 1940-இல் டி.வி. ராமகிருஷ்ண அய்யரின் கையேடு வந்தது. இதற்குள் தென்னார்க்காட்டு மேட்டுநிலங்களில் மணிலா பரவியிருந்தது. செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவானது. டி.எம்.வி. என்று தொடங்கும் மணிலா ரகங்களின் பெயரில் இருப்பது அந்த ஊர்தான். மணிலா வந்ததும் எறும்புக் கணக்கு மாறியது. நெல்லைப் போல இது மேலே மட்டும் கிடக்கவில்லை. விதைத்த பருப்பு மண்ணுக்குள், காயும் மண்ணுக்குள். சாம்பல் கோடு அங்கே போய்ச் சேராது. செடியில் அசுவினி பிடித்தால், அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவலும் நிற்கும்.

பொடியின் காலம்

டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்பதை 1939-இல் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லியின் உற்பத்தி 1952-இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் தொடங்கியது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் வந்தது. 1954-இல் டி.டி.டி. தயாரிக்க இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவப்பட்டது. மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் அடித்த மருந்து மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. அந்த நம்பிக்கை களத்துக்கும் பரவியது. வெள்ளைப் பொடியை மூட்டைக்கு அடியிலும் களத்து விளிம்பிலும் திண்ணையோரத்திலும் வெறுங்கையால் தூவினார்கள். தூவிய சில நிமிடங்களில் எறும்பு செத்தது. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசும் கடைக்காரரும் செய்தித்தாளும் அதையே சொன்னபோது உழவருக்கு வேறு என்ன தோன்றும்?

எச்சரிக்கை சீக்கிரமே வந்தது. 1958-இல் கேரளத்தில், பாரத்தியான் என்ற நஞ்சு ஒரே கப்பலில் வந்த உணவுப் பொருளில் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் உருவானது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1957-இல் தொடங்கிய நெருப்பெறும்பு ஒழிப்புத் திட்டம் இன்னொரு பாடம். விமானங்களிலிருந்து ஹெப்டகுளோரையும் டைல்ட்ரினையும் தூவினார்கள். பறவைகளும் மீன்களும் கால்நடைகளும் மடிந்தன. ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிய ‘மௌன வசந்தம்’ நூலில் இதைக் கடுமையாகச் சாடினார். எறும்பு ஒழியவில்லை. ஊடுருவிய எறும்போடு போட்டியிட்ட உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து செத்ததால், காலியான நிலத்தை ஊடுருவியே மீண்டும் பிடித்துக்கொண்டது.

நம் களங்களிலும் இதேதான் நடக்கிறது. பொடி கொல்வது வெளியே இரை தேடும் வேலைக்கார எறும்புகளை. புற்றின் மொத்தத்தில் அவை ஒரு பகுதி மட்டுமே. ராணி ஆழத்தில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மீண்டும் மீண்டும் பொடி, மீண்டும் மீண்டும் எறும்பு. மண்ணிலும் நெல்லிலும் பாலிலும் நஞ்சு தங்கியது. டி.டி.டி.யின் வேளாண் பயன்பாடு 1989-இலும், ஆல்ட்ரின் 1996-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடை செய்யப்பட்டன. லிண்டேன் 2013 வரையிலும் மெத்தில் பாரத்தியான் 2018 வரையிலும் நீடித்தன. எழுபது ஆண்டுக்குள் ஒரு முழுத் தலைமுறை மருந்துகள் வந்து போய்விட்டன. சாம்பலும் சாணமும் அதற்கு முன்பும் இருந்தன, இன்னும் இருக்கின்றன.

ராணியைத் தேடி

1990-களின் அமெரிக்க ஆய்வுகள் வேறு திசையில் நடந்தன. சர்க்கரைக் கரைசலில் போரிக் அமிலத்தைச் சுமார் 1 விழுக்காடு மட்டும் கலந்து வைத்தால் எறும்பு உடனே சாகாது. அதைக் குடித்துப் புற்றுக்குப் போய், வாய்க்கு வாய் ஊட்டும் தன் வழக்கப்படி குஞ்சுகளுக்கும் ராணிக்கும் கொடுக்கும். அளவு கூடினால் பாதி வழியிலேயே செத்துவிடும் அல்லது குடிக்காமல் ஒதுக்கிவிடும். கேரம் பலகையில் தூவும் அதே போரிக் பவுடர்தான். ஆனால் நம் வீடுகளில் அதைத் தரையில் அப்படியே கொட்டிவைக்கிறோம். கோடு போடும் எறும்பு சாக்பீஸும் பைரெத்திராய்டு வகை நஞ்சுதான். குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலைக் காட்டோர ஊர்களில் பெருந்தொல்லை தந்தது, ஜெர்டான் பெயரிட்ட அந்த மஞ்சள் எறும்பு. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் அந்தக் கூட்டம் கால்நடைகளின் கண்களைப் பாதித்ததாக உழவர்கள் முறையிட்டார்கள். மேய்ச்சலுக்கு மாடு போக முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே ஃபிப்ரோனில் கலந்த இரை வைத்துப் பார்த்தார்கள். பின்பு, எறும்புக்கு இனிப்பு நீர் தரும் செதில் பூச்சியையே குறிவைத்து 2016-இல் சிறு குளவி ஒன்றை மலேசியாவிலிருந்து வருவித்து விட்டார்கள். எறும்பின் உணவை நிறுத்துவது எறும்பை அடிப்பதைவிட நீடித்த வழி. நம் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டது. 2010-இல் அதை அடக்க ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். மாவுப்பூச்சியைச் சுற்றி எறும்பு காவல் நிற்கும் செடியில் அத்தகைய குளவிக்கு வேலை கடினம்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வெளியில் அறுவடைக் காலத்தில் இன்றும் நெல் மூட்டைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியப் படைத் தளங்களின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக் களஞ்சியத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அங்கே நெல் காத்த முறையையும் எடுத்துச் சொல்ல வேண்டும். களமும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் பொடியை வாங்கும் முன் எந்த எறும்பு, எங்கிருந்து வருகிறது என்று ஒரு காலைப் பொழுது பார்த்துவிடுங்கள். உண்ணும் தானியம் உலரும் தரையில் எந்த நஞ்சையும் தூவாதீர்கள். போரடித்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், களம் கட்டியதையும் காவல் காத்ததையும் கேட்டு இந்த ஆண்டே எழுதி வையுங்கள்.