பதினெட்டு முழமும் ஒன்பது கஜமும்

மாதுங்கா மார்க்கெட்டில் பூக்காரம்மா முழங்கையை நீட்டி மல்லிகையை முழம் போட்டுத் தருகிறார். ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணியை மீட்டரில் கிழிக்கிறார்கள். அதே துணி தாராவித் தையல்காரரிடம் போனால் இன்ச் டேப்பால் அளக்கப்படுகிறது. மடிசார் புடவை கேட்டால் மட்டும் “ஒன்பது கஜம்தானே?” என்கிறார் கடைக்காரர். மராட்டியப் பெண்மணிகளுக்கு அதுவே நவ்வாரி. வார் என்பது அவர்கள் கஜத்துக்குச் சொல்லும் பெயர்.

என் பாட்டி கஜம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு அது பதினெட்டு முழம்தான். கஜம் பாரசீகத்திலிருந்து வந்த சொல். (யானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அது ஊருக்கு ஊர் மாறிய அளவும்கூட. அக்பர் நிர்ணயித்த இலாஹி கஜம் 41 விரற்கடை. ஆங்கிலேயர் காலத்தில் வங்காளத்தில் கஜம் 36 அங்குலம், நம் பம்பாயிலோ 27 அங்குலம்தான். பம்பாய்க் கஜத்தில் ஒன்பது என்றால் 6.17 மீட்டர், அதில் மடிசார் கட்ட முடியுமா? 36 அங்குல ஆங்கில யார்டையே கஜம் என்று வழங்க ஆரம்பித்த பிறகுதான் 18 முழமும் 9 கஜமும் சரியாகப் பொருந்தின.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. இரண்டு சாண் ஒரு முழம். எண்சாண் உடம்பு என்கிறோமே, அந்தக் கணக்கில் அவரவர் உயரம் அவரவர் கையால் நாலு முழம். ஆக நாலு முழ வேஷ்டி ஓர் ஆள் உயரம், எட்டு முழம் இரண்டு ஆள் உயரம், மடிசார் நாலரை ஆள் உயரம். சுல்ப சூத்திரங்களிலும் அக்னிசயன வேதிக்கு யஜமானன் கையை உயரத் தூக்கி நிற்கும் உயரமே அளவுகோல். உடம்பால் அளப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல.

1956-ல் தர அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் தொடங்கி 1962-க்குள் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1959-ல் ஆறு நாடுகள் கூடி யார்டு 0.9144 மீட்டர் என்று நிர்ணயித்தன. அதன்படி முழம் 45.72 செ.மீ. ஒன்பது கஜம் 8.23 மீட்டர், ஆறு கஜம் 5.49. பத்தாறு வாங்கினால் வேஷ்டி 4.57 மீட்டர், அங்கவஸ்திரம் 2.74. ஒன்பதஞ்சு என்றால் 4.11-ம் 2.29-ம்.

விவாஹத்துக்குக் கூறைப்புடவை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். “எட்டு மீட்டர், ஒன்பது கஜம்தான் மாமி” என்று சொன்னால் அது பதினேழரை முழம். அரை முழம் குறைவது கடையில் தெரியாது. முகூர்த்த நேரத்தில் கச்சம் இழுக்கும்போது தெரியும். டேப்பைக் கொண்டு போய் முந்தானை முதல் அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. பாட்டிமார்களின் பதினெட்டு முழம் அவரவர் கையால். முழங்கை 16 அங்குலமுள்ள குள்ளமான பெண்ணுக்கு அது 8 கஜம், அதாவது 7.32 மீட்டர். 19 அங்குலமுள்ளவளுக்கு 9½ கஜம், 8.69 மீட்டர். இன்று செம்பூரில் வளரும் நம் பேத்திகள் பலர் பாட்டியைவிட ஒரு சாண் உயரம். அவர்களுக்கு 8.23 போதாமல் போவதில் ஆச்சரியமில்லை. பெண்ணின் முழத்தை அளந்து பதினெட்டால் பெருக்கி, தறிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பத்து கஜமாக, 9.14 மீட்டர், கேட்டு வாங்கலாம். உடல் பருமனுக்கு மட்டும் முழக் கணக்கு உதவாது; அதற்குக் கட்டிவிடும் மாமியின் சாமர்த்தியம்தான் வேண்டும்.