ஜார்ஜ் டவுனின் அடக்க நிலங்களும் குடியிருப்புகளும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இறந்தோரை அடக்கிய நிலங்கள் பின்னாளில் என்னவாயின என்பதை நிர்ணயித்ததில், சமய நம்பிக்கையைவிட நிலம் யார் கையில் இருந்தது என்பதற்கே பெரும் பங்குண்டு. நார்தாம் சாலையிலுள்ள புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் அன்றைய ஊரின் விளிம்பில் அமைந்தது. நகரை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794இல் அங்குதான் அடக்கமானார். நகரம் அதைத் தாண்டி வளர்ந்தபோதும் அந்த மண்ணில் வீடு எழவில்லை.

பிஷப் தெருவில் இருந்த ஆர்மீனியரின் புனித கிரகோரி ஆலயத்துக்கு வேறு முடிவு வாய்த்தது. 1820களில் எழுந்த அந்த ஆலயம், சமூகம் சுருங்கிப்போனபின் 1909இல் இடிக்கப்பட்டது. ஆலய வளாகத்தில் அடக்கமாகியிருந்தோரின் எச்சங்கள் பிற்பாடு வெஸ்டர்ன் சாலைக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றன. வணிகத் தெருவின் நடுவே இருந்த மனையைக் காக்கப் போதிய ஆளில்லை.

தமிழ் முஸ்லிம்களின் வரலாறுதான் இவற்றுள் சிக்கலானது. 1801இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத், கப்பித்தான் கிளிங் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயருக்குப் பள்ளிவாசல் கட்ட 18 ஏக்கர் வழங்கினார். சூலியா தெருவின் தெற்கே இருந்த அந்த நிலத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், அதையொட்டி மையவாடியும் (முஸ்லிம்களின் அடக்க நிலமும்), அவற்றைச் சூழ்ந்து குடியிருப்புகளும் உருவாயின. இத்தகைய வக்ஃபு நிலத்தை, அதாவது அறக்கொடையாக விடப்பட்ட நிலத்தை, விற்க இயலாது. குத்தகைக்கோ வாடகைக்கோ விடலாம். பள்ளியின் செலவுக்கு வாடகை தேவைப்பட்டது. கப்பலேறி வந்தவர்களுக்குக் கூரை தேவைப்பட்டது. நிலம் நெருக்கியபோது வீடுகள் கபுருகளை (கல்லறைகளை) நோக்கி நகர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் மார்க்கச் சட்டம் இதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்ட மரபின்படி, உடல் முற்றும் மக்கியபின் தனியார் நிலத்தில் கட்டடம் எழுப்பலாம். பொதுவில் அடக்கத்துக்கென்றே விடப்பட்ட மையவாடியில் கூடாது. மொத்த நிலமும் மையவாடிக்கா, பள்ளியின் வருமானத்துக்கா என்ற கேள்வி இங்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவின் சுவரையொட்டிச் சிறு கடைகள் எழுந்ததில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கு யாரும் அடக்கமாகவில்லை. நாகூரின் இறைநேசர் ஷாகுல் ஹமீது அவர்களின் நினைவாகவே அது எழுப்பப்பட்டது.

அறக்கட்டளைகளின் நிர்வாகம் குறித்த புகார்கள் பெருகவே, பினாங்கை அன்று ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அதன்படி அமைந்த வாரியம் பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த நெருக்கமான குடியிருப்பை ஒழுங்குபடுத்தியது; பக்கிங்ஹாம் தெருவில் கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. கட்டடக் கலைஞர் ஹென்றி நியூப்ரோனர் வடிவமைப்பில் பள்ளிவாசலும் குமிழ்க் கூரைகளோடு புதுத் தோற்றம் பெற்றது. மரைக்காயரின் அடக்கத்தலம் கம்போங் கோலம் சாலையில் இன்றும் இருக்கிறது.

1808இல் சையது உசைன் அய்தீது நிறுவிய ஆச்சே தெருப் பள்ளிவாசலில் வேறோர் அமைப்பைக் காணலாம். அங்கு அவருடைய கபுரும் வக்ஃபு வீடுகளும் ஒரே வளாகத்துக்குள் அடங்குகின்றன; ஒன்றுக்காக மற்றொன்று அகற்றப்படவில்லை.

சிங்கப்பூரின் பிடாடரி இதற்கு நேர் எதிர். 1908இல் திறந்து 1972இல் மூடப்பட்ட அந்தக் கல்லறைத் தோட்டத்தின் கல்லறைகள் 2001 முதல் 2006 வரை தோண்டி அகற்றப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அங்கு நிலம் முழுவதும் அரசின் கையில் இருந்தது. பினாங்கிலோ வக்ஃபு நிலத்தில் குடியிருப்போர் தலைமுறைகளாக வாடகைதாரர்களாகவே நீடித்தனர். ஆயினும் பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 சனவரியில் முடிவுக்கு வந்தபோது, நகரின் பழைய வீடுகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது.