கோயிற் கல்லும் கோட்டைச் சுவரும்



ஐரோப்பாவின் மத்திய காலம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன வானளாவும் தேவாலயங்களே. பாரிஸ் நகரின் நோத்ர தாம், பிரெஞ்சு தேசத்துச் சார்த்ர், இங்கிலாந்தின் டேர்ஹாம், ஜெர்மனியின் கொலோன் எனப் பட்டியல் நீளும். அவற்றின் அழகைப் பாடியவர் பலர். அந்தக் கற்கள் எழுவதற்கு முன் அங்கே யார் யாரை வணங்கினர் என்று கேட்டவர் சிலரே. திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிலே, சீனன்குடாவிலே வாழ்பவர்க்கு இக்கேள்வி புதியதன்று. கோயிற் கல் கோட்டைச் சுவரான கதையைக் கேட்டு வளர்ந்த பிரதேசம் இது. அக்கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டே ஐரோப்பியத் தேவாலயங்களின் வரலாற்றுக்குள் இன்று சற்று நுழைந்து பார்ப்போம்.

கிறிஸ்தவத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளிலே அதற்கெனப் பெரிய கட்டிடங்கள் இருக்கவில்லை. அடியார்கள் வீடுகளிற் கூடினர். 313ஆம் ஆண்டிலே கொன்ஸ்தந்தீன் பேரரசன் வழிபாட்டுச் சுதந்திரம் வழங்கிய பின்னரே பெருந் தேவாலயங்கள் எழலாயின. அவற்றுக்கு உரோமரின் கோயில்கள் முன்மாதிரியாகவில்லை. உரோமக் கோயில் தெய்வத்தின் இல்லம். பலி வெளியே நடக்கும், மக்கள் வெளியே நிற்பர். கிறிஸ்தவர்க்கோ எல்லோரும் உள்ளே கூடி இருக்க ஒரு மண்டபம் வேண்டியிருந்தது. எனவே அவர்கள் 'பசிலிக்கா' என்ற பொது மண்டபத்தை எடுத்துக்கொண்டனர். வழக்குத் தீர்க்கவும் வணிகம் பேசவும் பயன்பட்ட நீண்ட கட்டிடம் அது. நடுவே அகன்ற கூடம், இருமருங்கும் தூண் வரிசை, முடிவிலே அரைவட்ட மாடம். நீதிபதி அமர்ந்த அம்மாடத்தின் புறத்தே பீடமும் ஆயரின் ஆசனமும் வந்தன. கருவறையிலிருந்து வெளிநோக்கி விரிவது நமது கோயில். வாயிலிலிருந்து பீடத்தை நோக்கி மக்களை நடத்திச் செல்வது அவர்களது ஆலயம். இந்த வேறுபாட்டை மனங்கொண்டால் பின்வந்த கட்டிடக்கலை முழுவதும் எளிதில் விளங்கும்.

இம்மதம் வடக்கே பரவியபோது பழைய கோயில்களை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. 601ஆம் ஆண்டிலே பாப்பரசர் முதலாம் கிரகோரியார் இங்கிலாந்து குறித்து இரு கடிதங்கள் எழுதினார். கெண்ட் மன்னன் ஈதல்பேட்டுக்கு எழுதியதிலே கோயில்களை இடித்துவிடும்படி கூறினார். ஒரு மாதத்துக்குள் மெல்லித்தூஸ் என்ற துறவிக்கு எழுதிய மற்றதிலே, கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளேயுள்ள சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் அமையுங்கள் என்றார். தாம் பழகிய இடத்துக்கு மக்கள் தயக்கமின்றி வருவர் என்பது அவர் காட்டிய காரணம். எட்டாண்டுகளின் பின், 609இலே, ரோமாபுரியின் பந்தியோன் என்னும் பெருங்கோயில் தேவமாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாயிற்று. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் எழுந்த அக்கட்டிடம் கூரையோடு இன்றும் நிற்பதற்கு இந்த மாற்றமும் ஒரு முக்கிய காரணமாகும்.

ஆயினும் எங்கும் இவ்வாறு நடந்துவிடவில்லை. 723 அளவில் புனித பொனிபாஸ் ஜெர்மானியர் வழிபட்ட ஓக் மரத்தை வெட்டி, அதே மரத்தைக் கொண்டு ஒரு சிற்றாலயம் அமைத்தார் என அவரது சரித்திரம் கூறும். 772இலே சார்லமேன் மன்னன் சாக்சனியரின் புனிதத் தூணைப் படையோடு சென்று தகர்த்தான். ஐரோப்பாவும் தன் பழைய தெய்வங்களை வாளோடும் வழியனுப்பிய நிலந்தான்.

இந்த அடித்தளத்தின் மேலேயே மத்திய காலக் கட்டிடக்கலை வளர்ந்தது. பதினோராம் நூற்றாண்டிலே மரக்கூரை தீப்பற்றும் அச்சத்தாற் கல்லாலேயே கூரை வளைக்க முற்பட்டனர். கற்கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளும். ஆகவே சுவர்கள் தடித்தன, யன்னல்கள் சிறுத்தன, உள்ளே இருள் சூழ்ந்தது. அரைவட்ட வளைவுகள் கொண்ட இம்முறையையே 'ரோமனெஸ்க்' என்பர். இந்த இருளை நீக்கும் வழி பாரிசுக்கு அருகே, சென் தெனி மடாலயத்திலே தெளிவாயிற்று. சுகேர் என்னும் மடாதிபதி புதுப்பித்த அதன் பீடப்பகுதி 1144இலே அபிஷேகம் செய்யப்பட்டது. கூர்மையான வளைவு பாரத்தைக் கீழ்நோக்கி இறக்கிற்று. விலா எலும்பு போன்ற கல்வரிகள் அதனைத் தூண்களுக்குக் கடத்தின. பின்வந்த பேராலயங்களிலே, வெளியே வில்போல வளைந்து நின்ற உதைகால்கள் தள்ளுவிசையை ஏந்திக்கொண்டன. சுவருக்குச் சுமை குறைந்ததும் சுவர் இருந்த இடமெல்லாம் வண்ணக் கண்ணாடியாயிற்று. இதுவே 'கோதிக்' முறை. அப்பெயரும் அநாகரிகக் கோத்தரின் வேலை என்று பிற்கால இத்தாலியர் வைத்த வசைப்பெயர்தான்.

இக்கட்டிடங்கள் எழத் தலைமுறைகள் சென்றன. 1194இலே தீக்கிரையான சார்த்ர் பேராலயம் 1260இலே அபிஷேகம் கண்டது. 1248இலே தொடங்கிய கொலோன் 1880இலேயே நிறைவுற்றது. உயரத்தில் எல்லோரையும் மிஞ்ச எண்ணிய போவே நகரின் கூரை 1284இலே இடிந்து வீழ்ந்தது. மன்னரும் ஆயரும் பொருள் கொடுத்தனராயினும், சார்த்ர் கண்ணாடிகளிலே தச்சரும் சப்பாத்துத் தைப்போரும் பாண் சுடுவோரும் தத்தம் தொழில் செய்யும் கோலத்திற் காணப்படுகின்றனர். ஊர் தன்னையே அங்கே எழுதி வைத்திருக்கின்றது. 2019 ஏப்ரலில் நோத்ர தாம் எரிந்தபோது வழிபடச் செல்லாதவரும் வீதியில் நின்று கலங்கியதற்கும், 2024 டிசம்பரில் அது மீண்டும் திறந்தபோது மகிழ்ந்ததற்கும் காரணம் இதுவே.

இனி நமது கடற்கரைக்கு வருவோம். கிரகோரியாரின் இரண்டாவது கடிதத்துக்கு ஆயிரம் ஆண்டுகளின் பின், போர்த்துக்கேயர் இங்கே பின்பற்றியது அவரது முதற் கடிதத்தையே எனலாம். 1619இலே யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1621இலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாடெங்கும் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் தேவாலயங்கள் எழுந்தன. சங்கானையிலும் மயிலிட்டியிலும் அச்சுவேலியிலும் அவற்றின் சிதைவுகளைக் காணலாம். கூரை போனாலும் வளைவு நிற்கும் சங்கானைச் சுவரைப் பார்ப்பவர், உரோமனின் வளைவு ஐரோப்பாவைச் சுற்றி நமது பனங்கூடல் வரை வந்ததைக் காண்பர்.

திருகோணமலையிலோ ஆலயத்துக்கு ஆலயம் என்ற கைமாற்றந்தானும் முதன்மையாக இருக்கவில்லை. கோணேசர் கோயிலைக் கீழைத்தேயத்தின் ரோமாபுரி என்னும்படி போர்த்துக்கேயரே வியந்தனர். வியந்தவர்களே 1620களின் முற்பகுதியிலே, தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில், அதனை இடித்து அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1803 முதல் பிரெடரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலிலே, இரட்டைக் கயல் பொறித்த கல்லும் சிதைந்த தமிழ்ச் செய்யுளெழுத்துக்களும் சுவரோடு சுவராக நிற்கின்றன. குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் அழிவையும் கூறுவது அச்செய்யுள் என்பர். பந்தியோனிலே கல் இருந்த இடத்தில் இருந்தது, தெய்வம் மாறிற்று. இங்கே கல் வணக்கத்திலிருந்தே பெயர்க்கப்பட்டுப் பீரங்கிக்குக் காவலாயிற்று.

ஆனால் வரலாறு இவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 1639இலே ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு, திருகோணமலையைக் கைப்பற்றினர். 1658இலே யாழ்ப்பாணமும் அவர் வசமாயிற்று. இப்போது வேட்டை கத்தோலிக்கர் மேல் திரும்பிற்று. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. முருகைக்கல் ஆலயங்கள் சீர்திருத்த சபையின் பிரசங்க மண்டபங்களும் பள்ளிக்கூடங்களுமாயின. அவற்றின் படங்கள் பலவற்றை பால்தேயு பாதிரியார் 1672இலே வெளியான தம் நூலிற் சேர்த்துள்ளார். கோவாவிற் பிறந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687இலே கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து, சில்லாலையைத் தளமாகக் கொண்டு, இரவில் வீடுவீடாகப் பூசை செய்தார். தொடர்ந்து வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். கோபுரமும் மணியும் இன்றித் திருச்சபை தன் முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கே திரும்பிற்று. அவ்வாறு திரும்பியதாலேயே பிழைத்தது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார்.

சைவர் நிலையும் இதற்கு வேறன்று. கோணேசர் திருவுருவங்கள் காப்பாற்றப்பட்டுத் தம்பலகாமத்திலே வழிபடப்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. ஆதிகோணநாயகர் கோயில் அதன் சான்றாக நிற்கின்றது. தம்பலகாமம், சீனன்குடா, திருகோணமலை என்று அடுத்தடுத்து வரும் புகையிரத நிலையங்களைக் கடப்போர், இழந்த கோயிலுக்கும் காத்த கோயிலுக்கும் இடையிலேயே பிரயாணம் செய்கின்றனர். 1950இலே கிணறு தோண்டியபோது புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1952இலே மலையுச்சியில் மீண்டும் கோயில் எழுந்தது. 1956இலே ஆர்தர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுள் மூழ்கிப் பழங்கோயிலின் தூண்களைக் கண்டனர்.

நேயர்களே, கோட்டை கட்டியவர் போய்விட்டனர். அவரைத் துரத்தியவரும் போய்விட்டனர். கோணேசரும் இருக்கிறார், மாதாவும் இருக்கிறார். சார்த்ரின் கண்ணாடியிலே பாண் சுடுபவன் தன் உருவைக் கண்டதுபோல, ஓர் ஊர் தன்னைக் காணும் இடமே கோயிலாகின்றது. பிறர் கண்ட இடத்தைப் பறித்துக் கட்டியது எவ்வளவு உயர்ந்தாலும் கோட்டையாகவே நின்றுவிடுகின்றது. புதிதாக ஒரு வழிபாட்டிடம் எங்கே எழுந்தாலும், எவர் எழுப்பினாலும், அதன் அடியில் யாருடைய கல் கிடக்கின்றது என்று கேட்க நமக்குக் கடமையுண்டு.