எதிரி நாட்டவரின் கணக்கைச் சரிபார்த்த கிரகணம்



2019 டிசம்பர் 26ஆம் திகதி சூரிய கிரகணம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனோம். அதற்கு நூறு வருடங்களுக்கு முன், 1919 மே 29ஆம் திகதி வந்த ஒரு கிரகணம் பௌதிகவியலின் வரலாற்றையே மாற்றியது. சார்புக் கொள்கையை ஒரு சூத்திரமாகப் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கதையை அறிவதில்லை.

ஈர்ப்பு என்பது பொருட்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை என்றார் நியூட்டன். இல்லை, திணிவு தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது, அந்த வளைவே ஈர்ப்பு என்று 1915இல் சொன்னார் ஐன்ஸ்டைன். அப்படியானால் சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளியும் வளைய வேண்டும். அவர் கணக்கில் அந்த வளைவு 1.75 பாகைச் செக்கன். நியூட்டனின் வழியில் கணக்கிட்டால் அதில் பாதிதான் வரும். 1.75 பாகைச் செக்கன் எவ்வளவு சிறியது? மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வைத்த ஒரு நாணயத்தின் அகலம் நம் கண்ணுக்குத் தெரியும் அளவு!

சூரியனுக்கு அருகிலுள்ள நட்சத்திரங்கள் பகலில் தெரியாது. முழுக் கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டும் படம் எடுக்கலாம். அதே நட்சத்திரங்களை, சூரியன் அங்கே இல்லாத காலத்து இரவில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் இடம் மாறியது தெரிந்துவிடும்.

1914இலேயே ஒரு ஜேர்மன் குழு இதற்காக ரஷ்யாவின் கிரிமியாவுக்குப் போனது. அதற்குள் உலகப் போர் வெடித்தது. குழுவினர் கைதாகி, கருவிகளும் பறிபோயின. ஆனால் அதுவும் ஒரு நன்மைதான். அப்போது ஐன்ஸ்டைன் வைத்திருந்த கணக்கு பிழையானது. பாதி அளவையே காட்டியது. பிறகுதான் அவர் அதைத் திருத்தினார்.

அவர் இருந்தது பேர்லினில். இங்கிலாந்தும் ஜேர்மனியும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த காலம். அவரது கட்டுரைகள் நடுநிலை நாடான நெதர்லாந்தில் இருந்த டி சிற்றர் என்ற விஞ்ஞானி வழியாகத்தான் கேம்பிரிட்ஜில் இருந்த எடிங்டனின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எடிங்டன் குவேக்கர் மதத்தவர். ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மறுத்தவர். கிரகண ஆய்வுக்கு அவர் தேவை என்று அரச வானியலாளர் டைசன் வாதாடியதால்தான் விலக்குக் கிடைத்தது.

போர் ஓய்ந்து சில மாதங்களில், சமாதான ஒப்பந்தம் கூடக் கையெழுத்தாக முன்னரே, இரண்டு குழுக்கள் கப்பலேறின. ஒன்று பிரேசிலின் சோப்ராலுக்கு. மற்றது எடிங்டனுடன் ஆபிரிக்கக் கரையோரத் தீவான பிரின்சிபேக்கு. அன்று காலை பிரின்சிபேயில் கடும் மழை. மேகங்களுக்கு இடையே 16 தட்டுகளில் படம் எடுத்தார்கள். கணக்குக்கு உதவியவை இரண்டே இரண்டு. அதில் கிடைத்தது 1.61. சோப்ராலின் சிறிய தொலைகாட்டி தந்தது 1.98. அங்கிருந்த பெரிய கருவியின் படங்கள் மங்கலாகி, நியூட்டனுக்கு நெருக்கமான விடையைத் தந்தன. அதை நம்பத்தகாதது என ஒதுக்கினாலும், மறைக்காமல் அறிக்கையில் எழுதினார்கள். அதனால்தான் பின்வந்தவர்களால் கேள்வி கேட்கவும், 1979இல் அதே தட்டுகளை மீண்டும் அளந்து பார்க்கவும் முடிந்தது. அப்போதும் விடை ஐன்ஸ்டைன் பக்கமே நின்றது.

1919 நவம்பர் 6ஆம் திகதி இலண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் இலத்திரனைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தொம்சன். சுவரில் நியூட்டனின் படம். நியூட்டனின் சொந்த நாட்டு அறிஞர்களே, நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டில் வாழ்ந்தவரின் கணக்குத்தான் சரி என்று சபையில் சொன்னார்கள். இன்று நம் கைத்தொலைபேசி வழிகாட்டும்போது செய்மதிக் கடிகாரங்களுக்குச் செய்யும் திருத்தத்திலும் அந்தக் கொள்கை இருக்கிறது.

ஒரு செய்தி வந்தால், "சொன்னது யார், எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். நம்மவர் சொன்னால் சோதிக்காமலே பகிர்கிறோம், மற்றவர் சொன்னால் வாசிக்காமலே தள்ளுகிறோம். எடிங்டன் அளந்து பார்த்தார். நம் பிள்ளைகளுக்குச் சூத்திரத்தோடு இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.