காலிக் கட்டம்

தாம்பரத்தில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், உதவித்தொகைப் பட்டியலில் என் மாணவி ஒருத்தியின் பெயர் விடுபட்டிருந்தது. அம்மா தனியாக வளர்த்த பெண். விண்ணப்பத்தில் ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். கணினித் துறைத் தோழி நிரலைத் திறந்து காட்டினார். விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் லூப் அது. ஏதாவது ஒரு கட்டம் ‘நல்’, அதாவது அங்கே மதிப்பே இல்லை என்றால், அவளை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும். பிழைச் செய்திகூட வராது.

எனக்கு 1951–52 பொதுத்தேர்தல் நினைவுக்கு வந்தது. வாக்காளர் கணக்கெடுப்பில் வட மாநிலப் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவானார்கள். சொந்தப் பெயர் வேண்டும் என்றது சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம். கடைசிவரை பெயர் கிடைக்காததால், ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். கணவன் பெயரால் அந்தக் கட்டத்தை நிரப்ப மறுத்தது சரிதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். ஒன்றை மட்டும் ஆணையம் செய்தது: நீக்கியவர்களை எண்ணி, அறிக்கையில் எழுதி வைத்தது. அதனால்தான் அந்த இழப்பு நமக்குத் தெரிகிறது. எங்கள் கல்லூரி லூப் அதைக்கூடச் செய்யவில்லை.

1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் ‘நல்’லைச் சேர்த்தவர் டோனி ஹோர். செய்வது எளிதாக இருந்ததால் சேர்த்ததாகச் சொன்ன அவரே, 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார்.

யாருமே விண்ணப்பிக்கவில்லை என்றால் லூப் ஒரு முறைகூடச் சுற்றாமல் முடியலாம்; அதில் பிழை இல்லை. பட்டியலே வந்து சேரவில்லை என்றால் அது நின்று, பிழை என்று சொல்ல வேண்டும். ஒருத்தியின் ஒரு கட்டம் மட்டும் காலி என்றால், மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டே அவளைத் தனிப் பட்டியலில் எழுத வேண்டும். காரணத்தை மனிதர்கள் கேட்டறியட்டும். குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவரின் பாடலை நம் முன்னோர் தள்ளிவிடவில்லை. அவர் சொல்லையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றார்கள்.

தோழி அந்த ஒரு வரியை மாற்றி, நிரலை மறுபடி ஓட்டினார். தனிப் பட்டியல் வந்தது. என் மாணவியின் பெயருக்குக் கீழே, யாரும் தேடாத வேறு பெண்களின் பெயர்களும் இருந்தன.